மறைவு என்ற இடத்தில் நான் அடித்த தேதி

சின்னவளே, போன வாரம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். தலைவரைப் பற்றி இரண்டு பக்கம் கட்டுரை எழுதி வரச் சொன்னார்களாம். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தாயாம்.

"அவரு செத்த தேதி நான் பொறந்ததுக்குப் பதினோரு நாள் கழிச்சு வருதுப்பா. அப்பறம் எதுக்கு இந்தத் தெருவுல எல்லாரும் என்னை, தலைவர் செத்த அன்னைக்குப் பொறந்த பொண்ணுன்னு சொல்றாங்க?"

அடுப்படியிலிருந்து உன் அம்மா, "ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க, போய் மூஞ்சி கழுவு" என்றாள். நான் செல்போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். பெரியவளே, நீ மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாய். உனக்கு அப்போது நாலு வயசு. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம். உனக்கு அதில் என்ன ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் திண்டிவனத்தில் அந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இத்தனை வருஷமாக மற்றவர்கள் சொல்வதை எழுத்தாக்கிக் கொடுக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எல்லாம். என் சொந்த விஷயத்தை எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்தட்டும்.

முதலில் தலைவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். உன் கட்டுரைக்கும் ஆகும்.

அவர் நாட்டுக்கு ஜனாதிபதி இல்லை. டெல்லியில் தலைமை அலுவலகம் வைத்து, எல்லா மாநிலத்திலும் கிளை வைத்திருந்த ஒரு கட்சிக்கு அகில இந்தியத் தலைவராக இருந்தவர். நம் பிரம்மதேசம் பக்கத்து ஆள். மூன்று வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். அவர் படம் டெல்லியில் சுவரில் ஒட்டியிருந்ததாக இங்கே டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அதன் பிறகு அவர் பெயருக்கு முன்னால் 'முன்னாள் தேசியத் தலைவர்' என்று நாங்கள்தான் எத்தனையோ நோட்டீசில் அடித்திருக்கிறோம். சின்ன சங்கத்துக் கூட்டத்துக்குக் கூட அவரைக் கூப்பிடுவார்கள். அப்புறம் அதுவும் குறைந்தது. கடைசி நாலைந்து வருஷம் அவர் பெயர் போட்டு ஒரு நோட்டீஸ்கூட எங்களிடம் வரவில்லை.

பிறகு அவர் உடம்புக்கு முடியாமல் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி ஊருக்கு வந்தார். அந்த வாரமே கட்சியின் நகரச் செயலாளர் எங்கள் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு போன். உட்காரவே இல்லை.

"ஏம்பா, பெரிய சைஸ்ல கலர் போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. கீழ வாழ்க்கைக் குறிப்பு வரணும். தேதி மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் ரெடியா வெச்சுக்கினு இரு. நான் போன் பண்ண ஒரு மணி நேரத்துல செவுத்துல இருக்கணும்."

என் முதலாளி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, மனுஷன் இன்னும் இருக்காரே" என்றார்.

"இருக்கட்டும்பா. இருக்க வேணாம்னா சொல்றேன்? எதிர் கோஷ்டிக்காரன் விழுப்புரத்துல ஏற்கெனவே டிசைன் பண்ணி வெச்சுட்டான். அவன் போஸ்டர் முன்னாடி ஒட்டிட்டா நான் கட்சியில இருக்கறதா, வேணாமா?"

இது உங்களுக்குக் கொடூரமாகத் தெரியலாம். எங்கள் தொழிலில் அப்போது இது வழக்கம்தான். பெரிய மனிதர் யாராவது படுக்கையில் விழுந்தால் அச்சகத்துக்காரனுக்குத்தான் முதலில் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் நம்பிக்கையோடு கஞ்சி கரைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே நாங்கள் அவர் முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டுக்கொண்டிருப்போம்.

வாழ்க்கைக் குறிப்பு எழுத விவரம் வேண்டும். செயலாளருக்கு அவர் எந்த வருஷம் என்ன பதவியில் இருந்தார் என்று ஒழுங்காகத் தெரியவில்லை. "நீயே போய்க் கேட்டுக்கினு வா. பிறந்தநாள் மலருக்குன்னு சொல்லு" என்றார். நானும் போனேன்.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. அவருடைய மகள் எனக்கு மோர் கொடுத்துவிட்டு, "ரொம்ப நேரம் பேச வைக்காதீங்க" என்று சொல்லிப் போனார். தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்குப்பா வந்திருக்க?"

"பிறந்தநாள் மலருக்குங்க ஐயா."

"அதுக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு." மூச்சு வாங்கினார். அப்புறம் லேசாகச் சிரித்தார். "சரி. எத்தனை வரி எடம் விட்டிருக்க?"

"பன்னெண்டு வரிங்க" என்றேன்.

"அது போதும். எழுதிக்க."

சொன்னார். அப்பா மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கியவர். இவர் மரக்காணம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கூட வேலை பார்த்த டிரைவரைக் காரணம் இல்லாமல் நீக்கினார்கள் என்று பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் படுத்தாராம். அதோடு வேலை போனது, ஜெயிலுக்குப் போனார், சங்கத்தில் பெரிய ஆள் ஆனார். எம்.எல்.ஏ.வுக்கு நின்று இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை ஜெயித்தார். அப்புறம் எம்.பி. டெல்லியில் கட்சிக்குள் இரண்டு கோஷ்டி தலைவர் பதவிக்காக மாதக்கணக்கில் அடித்துக்கொண்டன.

"கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் போட்டாங்க. என்னைப் பார்த்து யாருக்கும் பயமில்ல. அதான்பா என் தகுதி. இதை எழுதாத."

மூன்று வருஷம் ரயிலிலும் காரிலும் நாடு முழுக்கச் சுற்றினாராம். கூட்டத்தில் பேச இந்தி கற்றுக்கொண்டாராம். ஒருநாள் இரண்டு கோஷ்டியும் ராசியாகிவிட்டன. பதவியை விட்டு விலகச் சொல்லி இவருக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கியபோது வரவேற்க ஒரு ஆள் இல்லை.

நான் எழுந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு வரி விட்டுப்போச்சு. நான் எத்தனையோ ரோடு மறிச்சிருக்கேன். பின்னாடி நின்ன வண்டியில யாரு இருந்தாங்க, எங்க போயிக்கினு இருந்தாங்கன்னு ஒருநாளும் திரும்பிப் பார்க்கல. இப்ப இங்க படுத்துக்கினு அதைத்தான் நெனச்சுக்கினு இருக்கேன். அதைப் போடுவியா?"

போடுகிறேன் என்றேன். போட்டும் காட்டினேன். செயலாளர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். கண்டக்டர் என்பதையும் அடித்துவிட்டு 'எளிய குடும்பத்தில் பிறந்து' என்று மாற்றச் சொன்னார்.

அந்த நாட்களில்தான் உன் அம்மாவுக்கு மாசம் நிறைந்திருந்தது, சின்னவளே. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, கால் வீங்கியிருந்தது. திண்டிவனத்தில் பார்த்த டாக்டரம்மா, "இங்க வெச்சுக்க முடியாது. திங்கக்கிழமையே முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில சேர்த்துடுங்க. வலி வர்றவரைக்கும் வீட்ல உக்கார வேணாம்" என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

நான் செயலாளரிடம் இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன். அவர் என் முதலாளி இல்லை. ஆனாலும் அவரிடம் கேட்டேன்.

"இப்பவா? டாக்டர் கை விரிச்சுட்டாருப்பா. இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்குது. நீ முண்டியம்பாக்கத்துல குந்திக்கினு இருந்தா தேதி யாரு அடிக்கிறது? புதன்கிழமை வரைக்கும் பாரு. அதுக்குள்ள முடிஞ்சிரும்."

அதுக்குள்ள முடிஞ்சிரும் என்று அவர் சொன்னதை நான் அப்படியே வீட்டில் வந்து சொல்லவில்லை. "புதன்கிழமை போலாம், நல்ல நாளா இருக்குது" என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். அவள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "அவரும் நாள் எண்ணிக்கினு இருக்காரு, நானும் எண்ணிக்கினு இருக்கேன். யாரு முந்தறோமோ" என்று சிரித்தாள். வாயைக் கழுவு என்று நான் கத்தினேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

ஊரும் அப்போது சரியில்லை. மார்க்கெட்டில் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்து வியாபாரம் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் போலீஸ் வேன் மூன்று நாளாக நின்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று தினமும் காலையில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரும் தலைவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "ஆயிடுச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மெஷினில் போஸ்டரை மாதிரிக்கு ஓட்டினோம். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

போஸ்டரில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி வரும். மறைவுக்கு நேரே ஒன்றும் இல்லாமல் விட்டால், எழுத்து எங்கே உட்காரும், தள்ளிப் போகுமா என்று தெரியாது. அதனால் அளவு பார்க்க ஏதாவது ஒரு தேதியை அடித்து வைப்பது என் பழக்கம். கை போன போக்கில் அன்றைய தேதியையே அடித்தேன். மாதிரிக்குப் பத்துப் பதினைந்து தாள் ஓடியது. செயலாளர் வந்து பார்த்தார்.

"கண்ணாடி போட்ட படம் வேணாம்பா, நோயாளி மாதிரி இருக்காரு. பழைய படத்தப் போடு" என்றார்.

ஆக அந்தத் தாள்கள் வேஸ்ட். வேஸ்ட் தாளை எந்த அச்சகத்திலும் கிழித்துப் போட மாட்டார்கள். ஒருபக்கம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அச்சடித்த பக்கத்தை உள்ளே மடித்து, முடிந்த ஆர்டர்களைக் கட்டிக் கொடுக்க வைத்துக்கொள்வோம். அன்று சாயங்காலம் கூட்டேரிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் காதுகுத்துப் பத்திரிகை வாங்க வந்தார். அவசரத்தில் மேலே இருந்த தாளை எடுத்து நான்தான் சுற்றினேன். நான்தான் சணல் கட்டினேன். "குழந்தைக்கு என்ன பேரு?" என்று கேட்டுக்கொண்டே கட்டினேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு உன் அம்மாவுக்கு வலி எடுத்தது. உங்கள் மாமா வேன் வாசலிலேயே நின்றது. பின் சீட்டில் பாயை விரித்துப் படுக்க வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா பெரியவளை இடுப்பில் வாங்கிக்கொண்டு, "போற வழியெல்லாம் நல்லா இருக்கும், போங்க" என்றார்.

மேம்பாலம் தாண்டும்போதே கடைகளில் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசையாக. எதிரே வந்த பஸ்ஸெல்லாம் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு டிப்போவைப் பார்த்து ஓடின.

"முடிஞ்சிருச்சு போல மாமா" என்றான் வேனை ஓட்டிய மச்சான், உங்கள் மாமா.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? தேதி அடிக்கணுமே என்றுதான் தோன்றியது. அம்மா பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள், எனக்கு அப்படித் தோன்றியது. செயலாளருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

"இன்னும் தூரமா?" என்று அம்மா கேட்டாள்.

"இதோ வந்துடுச்சு" என்றேன். பாதி வழிகூட ஆகவில்லை.

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு லாரியைத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். டயர் எரிந்தது. இருநூறு பேருக்குமேல் நின்றார்கள். சர்வீஸ் ரோட்டில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் அதற்குள் பஸ்ஸும் காரும் வந்து அடைத்துக்கொண்டதால் திரும்பவும் முடியாது.

நான் இறங்கி ஓடினேன். "பிரசவ கேஸுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று கும்பிட்டேன்.

முன்னால் நின்ற ஒருவன் துண்டைத் தலையில் கட்டியிருந்தான். "எங்க தலைவரு போயிட்டாரு, உனக்கு வழி கேக்குதா? லாரி சாவி என் பாக்கெட்லதான் இருக்குது. தலைவர் ஒடம்பைக் கண்ணால காட்டறவரைக்கும் லாரி நகராது."

"டேய், பொம்பள வலில துடிக்குதுடா" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் சொன்னார்.

"யோவ், நேத்தே செத்துட்டாருய்யா! நேத்தே! மறைச்சு வெச்சிருக்கானுங்க. தெரியுமா உனக்கு?" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு, செல்போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். "பாரு. போஸ்டர் வரைக்கும் அடிச்சுட்டானுங்க. நம்மகிட்ட சொல்லல."

பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த படம். ஒரு டீக்கடை மேசைமேல் விரித்த தாள். நாலாக மடித்த கோடு. சணல் இறுக்கிய தடம். கண்ணாடி போட்ட தலைவர். மறைவு என்பதற்கு நேரே முந்தைய நாள் தேதி.

நிஜமாகவே போயிருந்தால் தேதி அடிக்கச் சொல்லிச் செயலாளர் எனக்குத்தான் முதலில் போன் போட்டிருப்பார். அந்த இருநூறு பேரில் தலைவர் சாகவில்லை என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ரோட்டை மறித்திருப்பது என் தாள்தான் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பிள்ளைகளே, இதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். சொன்னால் என்னை என்ன செய்வார்கள் என்று பார்த்தேன். உயிரோடு இருக்கிற தலைவருக்குச் சாவுத் தேதி போட்டவன் இவன்தான் என்றால் விடுவார்களா? எரிகிற டயர் பத்தடி தூரத்தில் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொருத்தர் காலிலும் விழுந்தேன். போலீஸ்காரர் ஒருவரைக் கெஞ்சினேன். "மேலிடத்துல சொல்லியிருக்கோம், ஆள் வரணும்" என்றார். நாலு பேர் சேர்ந்து லாரியைத் தள்ளலாமா என்று பார்த்தேன். வேனுக்கு ஓடிப்போய் அம்மாவைப் பார்த்தேன். சேலை நனைந்திருந்தது. "தண்ணிக்கொடம் ஒடஞ்சிடுச்சுங்க" என்றாள். கண் சொருகியது. மச்சான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். மறுபடி கூட்டத்துக்கு ஓடினேன். அப்போதும் கும்பிட்டேனே தவிர, சொல்லவில்லை.

இப்படியே அரை மணி நேரம் போனது. கடிகாரம் பார்த்துதான் சொல்கிறேன்.

மூன்றாவது தடவை வேனுக்குப் போனபோது அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எங்கேயோ பார்த்தது. அப்போதுதான் திரும்பி வந்து லாரியின் படிமேல் ஏறிக் கத்தினேன்.

"தலைவர் சாகல! அந்தப் போஸ்டர் நான் அடிச்சது! அளவு பார்க்கப் போட்ட தேதி அது!"

துண்டு கட்டியவன் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"என்னடா சொன்ன?"

"அவரு உசுரோட இருக்காருங்க. முன்கூட்டியே ரெடி பண்ணச் சொன்னாங்க. நான் பொட்டலம் கட்டின தாள் அது."

"யாரு சொன்னது?"

செயலாளர் என்றேன். ஒருவன் அங்கேயே செயலாளருக்குப் போன் போட்டான். என் போனை எடுக்காதவர் அவன் போனை உடனே எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று கேட்டது: "எந்தப் போஸ்டர்? நான் யாருக்கும் ஆர்டர் குடுக்கலியே. எவனோ விஷமி பண்ணின வேலை. புடிச்சு வைங்க."

முதல் அடி காதில் விழுந்தது. அப்புறம் எங்கெங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. "உசுரோட இருக்கறவரு படத்துக்கு மாலை போட்டுட்டியேடா" என்று ஒரு குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"நிறுத்துங்கடா!" என்று ஒரு அம்மா உள்ளே புகுந்தார். மகளிர் அணிக்காரர். ஐம்பது வயசிருக்கும். புடவையை இழுத்துச் சொருகியிருந்தார். "அடிக்கறதை அப்பறம் அடிச்சுக்கலாம். முதல்ல அவரு இருக்காரா இல்லையான்னு பாருங்க. எங்கிட்ட வீட்டு நம்பர் இருக்குது."

"வீட்டுக்காரங்கதான் மறைக்கிறாங்க, அவங்ககிட்டயே கேக்கறியே, உனக்கு மூளை இருக்குதா?" என்றான் துண்டு கட்டியவன்.

"எனக்கு இருக்கறதைப் பத்திக் கவலைப்படாத. நீ உன்னுதைப் பாரு."

போன் போட்டார். தலைவரின் மகள் எடுத்தார். இந்த அம்மா விஷயத்தைச் சொல்லி, "ஐயாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லும்மா, இங்க ஒரு புள்ளத்தாச்சி கெடக்குது" என்றார். அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சுச் சத்தம். பிறகு அவர் குரல், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல.

"நான்தான்பா... இருக்கேன். ரோட்டை விடுங்க."

யாரும் அசையவில்லை. "மிமிக்ரி" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரித்தான்.

"இருபது வருஷம் அவரு பின்னாடி மேடையில நின்னிருக்கேன். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? சாவியைக் குடுடா" என்று அந்த அம்மா கையை நீட்டினார்.

துண்டு கட்டியவன் கொடுத்தான். ஆனால் நான் பார்த்த அவன் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தலைவர் உயிரோடு இருக்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் வரவில்லை. கடையடைத்து, டயர் கொளுத்தி, எல்லாம் செய்த பிறகு ஆள் சாகவில்லை என்றால் என்ன செய்வது என்பதுபோல நின்றார்கள். சிலர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னது பொய்யாக இருந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம் இருந்தது.

லாரி டிரைவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர மேலும் பத்து நிமிஷம். வேன் கிளம்பியபோது கண்ணாடியில் ஒரு கல் வந்து விழுந்தது. மச்சான் நிறுத்தவில்லை. "மாமா, சட்டையைக் கழட்டிப் போடுங்க, அக்கா பார்க்கப் போவுது" என்றான். இரத்தக்கறையோடு அந்தச் சட்டையைச் சுருட்டிச் சீட்டுக்கடியில் தள்ளினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் தடுப்பைத் தூக்கியே வைத்திருந்தார்கள். ரோட்டில் எங்களைத் தவிர வண்டியே இல்லை. அவ்வளவு அகலமான ரோடு, ஒரு வண்டிகூட இல்லாமல் கிடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முண்டியம்பாக்கத்தில் உள்ளே கொண்டு போன இருபதாவது நிமிஷம் சின்னவள் பிறந்தாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நானும் மச்சானும் நின்றோம். பக்கத்தில் இருந்தவர்களின் குழந்தைகள் எல்லாம் அழுதன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேகமாக எங்களைத் தாண்டி ஓடினார். நீலமாக ஒரு பாதம் தெரிந்தது.

சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். உன் அம்மாவுக்கு ஆபத்து இல்லை, குழந்தைக்கு மூச்சு வந்துவிட்டது, ஆனால் வெளியே வரும் முன் காற்றில்லாமல் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது என்றார். "இடது பக்கம் அசைவு கம்மியா இருக்குது. பார்க்கலாம். ஒரு அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நல்லாயிருந்திருக்கும்." அவர் பொதுவாகத்தான் சொன்னார். எந்த அரை மணி என்று அவருக்குத் தெரியாது.

சின்னவளே, உன் இடது கை ஏன் ஜடை பின்ன வரமாட்டேன் என்கிறது என்று உனக்கு இப்போது தெரிந்துவிட்டது. தலைவர் ஆவி, கெட்ட நேரம் என்று இந்தத் தெருவில் என்னென்னவோ சொல்வார்கள். உன் கட்டுரையில் இருக்கிற பதினோரு நாள் கணக்கு சரி. தெருக்காரர்கள் சொல்வதுதான் தப்பு. அந்தத் தப்பு என் கடையில் ஆரம்பித்தது.

நீ பிறந்து பதினோரு நாள் கழித்துத் தலைவர் நிஜமாகவே போனார். நாங்கள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். முதலாளி போன் பண்ணினார். "செயலாளர் வந்து நிக்கிறாருப்பா. தேதி மட்டும் மாத்திக் குடுக்கணுமாம், எங்க வெச்சிருக்க?" என்றார். ஃபைல் இருக்கும் இடத்தைச் சொன்னேன். நான் வரமாட்டேன் என்றும் சொன்னேன். மதியத்துக்குள் ஆஸ்பத்திரி எதிரே டீக்கடைச் சுவரில் அந்தப் போஸ்டர் வந்துவிட்டது. கண்ணாடி இல்லாத பழைய படம். வேறு யாரோ அடித்த தேதி, கொஞ்சம் கோணலாக இருந்தது. கடைகள் மறுபடி அடைத்தன. போன வாரமே ஒரு தடவை ஆகிவிட்டதாலோ என்னவோ, இந்தத் தடவை யாரும் அவ்வளவாக அழவில்லை.

நான் வார்டுக்குள் போனேன். மூடியிருக்கிற கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து விடச் சொல்லி ஒரு டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பிரித்தேன். விட்டதும் மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி பிரித்தேன்.

அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ரோட்டுல எதுக்கு உங்களை அடிச்சாங்க?" என்று கேட்டாள். அதுவரை கேட்கவில்லை.

"கூட்டம்தானே. யாரை அடிக்கிறோம்னு அவங்களுக்கே தெரியாது" என்றேன்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் மாமாவும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை போகாமல் புதன்கிழமை ஆனது நாள் நட்சத்திரத்தால் என்று அவள் இன்னும் நம்புகிறாள். அந்த அரை மணி நேரம் நான் பேசாமல் நின்றது அவளுக்குத் தெரியாது.

இதை உங்களிடம் கொடுக்கும் முன் அவளிடம் கொடுப்பதுதான் முறை. இப்போது அவள் வாசலில் குந்தி மீன் கழுவுகிறாள். கையைத் துடைத்துக்கொண்டு வா என்று சொல்லப் போகிறேன். படித்துவிட்டு அவள் இதை உங்களிடம் தருவாளா, என்னிடம் என்ன கேட்பாள், எனக்குத் தெரியாது. தாள் உங்கள் கைக்கு வந்தால், அவள் தந்தாள் என்று அர்த்தம்.